நாற்பது நிமிட வழி

வெர்மான்ட் மாநிலப் பேரவையில் ஆர்லீன் ரொபிடோ பதினெட்டு வருடமாக எங்கள் எம்.எல்.ஏ. அதற்கு முன் பள்ளி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். பந்தா கிடையாது. ஜனவரி முதல் மே வரை தலைநகரில் சட்டம் போடுவாள், மற்ற நாட்களில் தன் ஊரான கார்லியில் கோழி வளர்ப்பாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் வெக்ஸ்பரியும் அவள் தொகுதிதான்.

மார்ச்சில் ஊரார் எல்லாரும் கூடி ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் ஊர்க்கூட்டம். வெளியூர்க்காரர், எம்.எல்.ஏ.வே ஆனாலும், மூன்றில் இரண்டு பங்குப் பேர் கை தூக்கினால்தான் பேசலாம். ஆர்லீனுக்கு அது வெறும் சடங்கு. கூட்டத் தலைவர் அனுமதி கேட்பார், பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கை தூக்குவோம்.

அந்த வருடம் அப்படி நடக்கவில்லை. சின்னப் பள்ளிகளை மூடும் மசோதாவுக்கு அவள் ஆதரவாக ஓட்டுப் போட்டிருந்தாள். எங்கள் பள்ளியில் பதினொரு பிள்ளைகள். இனி அவர்கள் கார்லிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் நாற்பது நிமிடம்தான் என்று பத்திரிகையில் வேறு சொல்லியிருந்தாள். பதினொரு பேருக்காக ஒரு பள்ளி நடத்துவது கட்டாது என்று எங்களுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் வயிறு எரியாதா?

பால்பண்ணை வைத்திருக்கும் வெர்ன் பெல்கி எழுந்தார். அவர் பேத்தி முதல் வகுப்பு.

“நாப்பது நிமிஷம்னு சொன்னியே ஆர்லீன், அந்த மலைப் பாதையில பனியில போய்ப் பாத்தியா? உன் பேச்சக் கேட்டது போதும்.”

ஊர் எழுத்தர் என்பதால் கைகளை எண்ணியது நான்தான். வேண்டியதற்கு மூன்று குறைந்தது. என் கையும் கீழேதான் இருந்தது.

கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. சாலைக்கு எத்தனை லோடு ஜல்லி என்ற தகராறு முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

ஜூனில் பள்ளியை மூடினார்கள். செப்டம்பரில் முதல் பஸ் வந்தபோது ஓட்டுநர் இருக்கையில் அறுபத்தெட்டு வயது ஆர்லீன். உரிமத்தைப் புதுப்பித்திருந்தாள். வெர்ன் பேத்தியை ஏற்றிவிட்டார். நவம்பர் தேர்தலில் எங்கள் ஊரில் தோற்று, கார்லி ஓட்டில் தப்பித்தாள். அடுத்த நாளும் பஸ் வந்தது. பனி கொட்டிய டிசம்பரிலும் வந்தது.

மறு மார்ச்சில் தலைவர் அனுமதி கேட்டார். முதலில் எழுந்தது வெர்னின் கை.

“பேசட்டும். இப்ப அவளுக்கு வழி தெரியும்.”

ஆர்லீன் எழுந்து சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பிரித்தாள்.

“ஜனவரியில பேரவை கூடுற வரைக்கும் தினமும் மணி பாத்து எழுதினேன். அம்பத்திரெண்டு நிமிஷம். பனி பெஞ்சா ஒண்ணேகால் மணி நேரம். நான் விசாரிக்காம ஓட்டுப் போட்டுட்டேன்.”

மறுபடி அந்த ஓட்டு வந்தால் என்ன செய்வாய் என்று வெர்ன் கேட்டார்.

“வேண்டாம்னு போடுவேன்,” என்று சொல்லி உட்கார்ந்தாள்.

கூட்டம் நடந்தது அந்த மூடிய பள்ளியில். நாங்கள் உட்கார்ந்திருந்தது பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளில்.