பழங்காட்டில் அத்தான் தோண்டிய கிழங்குகள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக என் பெயர் நாறிக்கொண்டிருக்கிறது.

"வெள்ளைக்காரி முன்னால அத்தானக் காட்டிக் குடுத்தவ."

சரி, நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் தெப்ராவில் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள்தான். வேறு வாய் வழியாகக் கேட்பதற்கு என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தங்கை சுமதி இங்கிலாந்தில் நர்ஸ். அவளைப் பார்க்க நான், சரோஜா அக்கா, அக்கா வீட்டுக்காரர் மூன்று பேரும் போயிருந்தோம். அத்தான் ஜொகூரில், லாயாங் லாயாங் என்ற ஊரில், பூச்செடிக் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடத் தொழில். செடியின் இலையைப் பார்த்தே அதன் நோயைச் சொல்லிவிடுவார். (மனிதர்களிடம் இந்தத் திறமை கிடையாது.)

ஒரு சனிக்கிழமை சுமதி எங்களை அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழங்காட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே பழங்காடு என்றால் சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. குறைந்தது நானூறு வருடமாக வெட்டி அழிக்கப்படாமல் காடாகவே இருந்திருக்க வேண்டுமாம்.

உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தேன். நான்கு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஓக் மரங்கள். அவற்றின் அடியில், கண் போகும் தூரம் வரைக்கும், நீலப் பூ. புளூபெல் என்கிறார்கள். தரையே தெரியவில்லை.

வாசலில் தொண்டு வேலை பார்க்கும் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் ஒரே விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னார். பாதையை விட்டு இறங்காதீர்கள், இந்தச் செடி மிதிபட்டால் மறுபடி தேறிவரப் பல வருடம் ஆகும்.

சுமதி அதைத் தமிழிலும் ஒரு தடவை சொன்னாள். அத்தான் தலையாட்டினார். நான் பார்த்தேன்.

அரை மணி நேரம் கழித்து அத்தானைக் காணோம்.

"டாய்லெட்டுக்குப் போயிருப்பாருலா," என்றாள் அக்கா.

காட்டுக்குள் ஏது டாய்லெட் என்று நான் திரும்பி நடந்தேன். ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால், பூக்களுக்கு நடுவில், அத்தான் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நாங்கள் சாப்பிடக் கொண்டுவந்த கரண்டி. பக்கத்தில் புளிச்சாதம் காலியான டப்பா. டப்பாவுக்குள் மண்ணோடு பத்துப் பன்னிரண்டு கிழங்குகள்.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"சத்தம் போடாதம்மா. ஜொகூர்ல ஒருத்தன்கிட்டயும் இல்லாத செடி இது."

"அந்தம்மா அவ்வளவு சொன்னாங்களே."

"லட்சக்கணக்குல இருக்கு. பத்து போனா யாருக்குத் தெரியப்போவுது?"

"நம்ம வெயில்ல இது மொளைக்குமா?"

"ஏர்கோன் ரூம்ல வச்சிப் பாக்கலாம்லா."

அவரைச் சுற்றி ஒரு பாய் அளவுக்குப் பூ நசுங்கிக் கிடந்தது. கடையில் ஒரு ரோஜாத் தொட்டியை எவனோ தூக்கிக்கொண்டு போனதற்கு போலீஸ் ரிப்போர்ட் செய்தவர் இவர்.

அதற்குள் அக்காவும் சுமதியும் வந்துவிட்டார்கள்.

சுமதி முகம் வெளுத்துப்போனது. "அத்தான், நீங்க ஊருக்குப் போயிருவீங்க. நான்தானே இங்க இருக்கணும். இந்தச் செடியப் பிடுங்குறது சட்டப்படி குத்தம்."

"தெரியாமப் பண்ணிட்டாரு. டப்பாவ பேக்ல போடு, போலாம்," என்றாள் அக்கா.

தெரியாமலா? மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டா?

நான் டப்பாவை எடுத்தேன். நேராக வாசலுக்கு நடந்தேன். அக்கா பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நான் நிற்கவில்லை.

அந்த அம்மாவிடம் டப்பாவைத் திறந்து காட்டினேன். "எங்க குடும்பத்துல ஒருத்தர் தோண்டிட்டாரு. மன்னிச்சிருங்க," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கிழங்குகளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "இடத்தைக் காட்டுங்கள்," என்றார்.

அவர் பாதையிலேயே நின்றுகொண்டார். அத்தானை மட்டும், ஏற்கெனவே மிதித்த இடத்திலேயே கால் வைத்துப் போகச் சொன்னார். அத்தான் போய் ஒவ்வொன்றாக நட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நட்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. சரியான ஆழம், சரியான இடைவெளி, மேல்மண்ணை விரலால் லேசாக அழுத்திய பதம். அந்த அம்மாவே தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் இன்னும் கோபம் வந்தது. செடியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவருக்கு எல்லாம் தெரியும்.

"பிழைக்குமா?" என்று சுமதி கேட்டாள்.

"சில பிழைக்கலாம்," என்றார் அந்த அம்மா. திரும்பக் கொண்டுவந்ததற்கு எனக்கு நன்றி சொன்னார். அத்தான் பக்கம் திரும்பாமலே வாசலுக்கு நடந்தார்.

சுமதி வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியதும் அக்கா ஆரம்பித்தாள்.

"யாரோ ஒரு வெள்ளைக்காரிக்காக எங்க வீட்டுக்காரரத் தலகுனிய வச்சிட்டியே."

"வெள்ளைக்காரிக்காக இல்லக்கா. நம்ம ஊரு பெக்கோக் காட்டுல பண்ணியிருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன்."

"அங்க யாரு கேக்கப்போறா?"

அக்கா சொன்னது உண்மைதான். அதுதான் என்னை இன்னும் அதிகமாகக் கடுப்பேற்றுகிறது.

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. அத்தான் என்னோடு பேசுவதில்லை. அக்கா மகன் குழுவில், "சித்தி, பெரியவங்களுக்கு மரியாத குடுக்கக் கத்துக்கங்க" என்று எழுதுகிறான். அதற்குப் பதினொரு பேர் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள். மரியாதையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். கிழங்கைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

சுமதி மட்டும் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: "அடுத்த வாரம் போய் பொழச்சிருக்கான்னு பாக்குறேன்க்கா."

வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா பேத்திக்குக் காதுகுத்து. எல்லார் முன்னாலும் அத்தானிடம் மன்னிப்புக் கேட்டால்தான் வீட்டுக்குள் விடுவார்களாம்.

போகத்தான் போகிறேன். பிள்ளைக்குத் தோடு வாங்கிவிட்டேன், பட்டுப்பாவாடை வாங்கிவிட்டேன், தட்டு நிறையப் பழமும் வைப்பேன்.

மன்னிப்பு மட்டும் தட்டில் இருக்காது.