நான்கு சொம்புத் தண்ணீர்

என் சித்தப்பா தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தபோது நான் கைதட்டிச் சிரித்தேன். இதைச் சொன்னால் கேட்கிறவர்களின் முகம் மாறிவிடுகிறது. மாறட்டும். எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கோரமண்டல் என்ற தங்கச் சுரங்க ஊரில் எங்கள் லைன் வீட்டு வாசலில் அப்பாவின் பழைய கார் நிற்கும். அப்பா தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர் என்பதால், வாரம் முழுக்க கார் சித்தப்பாவின் கையில்தான். அதற்கு இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டுமென்று, அப்பாவுக்குத் தெரியாமல் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவிக்கொண்டு வந்துவிட்டார். வேகம் வந்ததோ இல்லையோ, ஒரு சத்தம் வந்தது. நந்திதுர்க் மேட்டில் ஏறினால், தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கியதுபோல இன்ஜின் தட்டும். அது நடந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பங்காருபேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு அப்பாவே எங்களை ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தது. அதற்குள் சத்தத்தை அடக்காவிட்டால் சித்தப்பா மாட்டிக்கொள்வார்.

அதற்கு அவர் ஒரு வழி பிடித்திருந்தார். மெத்தனாலையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து, இன்ஜின் காற்றை இழுக்கும் வாயில் பனிபோலத் தெளிப்பது. உள்ளே போகும் காற்று குளிர்ந்தால் தட்டுவது நிற்கும். டர்போ வைத்த கார்களுக்கென்று பேசப்படும் வித்தை அது. எங்களுடையது டர்போ இல்லாத சாதாரண இன்ஜின். பெரிதாகப் பலம் கூடாது. ஆனால் ஹெட்டைச் சீவி அழுத்தம் ஏற்றிய இன்ஜினுக்கு அது சரியான மருந்துதான். இன்று நானும் ஒரு இன்ஜின் பைத்தியம். படித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். யோசனையில் தப்பே இல்லை என்று தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரின் முன்கண்ணாடி கழுவும் மோட்டார், மீன்தொட்டிக் குழாய், ஒரு வெள்ளை கேன். கேனில் பாதிவரை மெத்தனாலைத் தன் கையாலேயே ஊற்றினார். என்னை அதன் பக்கத்தில் விடவில்லை. பிறகு அடுத்த வேலையைத் தொடங்கிக்கொண்டே சொன்னார்.

“பாப்பா, மீதிக்கு டிரம்முல இருந்து தண்ணி ஊத்து. வடிகட்டி ஊத்து. கழுத்து வரைக்கும் வரணும், இன்னா?”

“அம்மா திட்டும் சித்தப்பா.”

“அண்ணிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ சும்னே ஊத்து.”

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நீல டிரம் அம்மாவின் உயிர். அதில் எத்தனை சொம்பு இருக்கிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்வாள். முகம் கழுவ ஒரு சொம்பு, அதற்கு மேல் கேட்டால் பார்வையே போதும். காருக்குப் போய் அவ்வளவு தண்ணீரா? நான் நான்கு சொம்பு ஊற்றினேன். கழுத்துக்கு இன்னும் நிறைய இடம் இருந்தது. மூடியைத் திருகிவிட்டு, நிரம்பிவிட்டது என்றேன். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதில் எனக்குப் பெருமை வேறு.

உச்சி வெயில். பானெட்டைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, சித்தப்பா மோட்டார் சுவிட்சைப் போட்டார். குழாய் நழுவிக்கொண்டு, சட்டைக் கையிலும் இன்ஜின்மீதும் பீய்ச்சியது. பிளக் ஒயர் ஒன்று வெடித்துப்போயிருந்தது, அதிலிருந்து ஒரு பொறி. அவ்வளவுதான்.

நான் பார்த்தது வேறு. சித்தப்பா கையை உதறினார். சுற்றினார். குதித்தார். புகை இல்லை, சுடர் இல்லை, வெயிலில் காற்று மட்டும் லேசாக நெளிந்தது. இஸ்திரிப் பெட்டி பிளக்கைத் தொட்டு ஷாக் அடித்ததுபோல நடித்து என்னை அலற வைப்பது அவருக்கு வாராந்திர விளையாட்டு. இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று நான் கைதட்டினேன்.

“இன்னும் ஆடு சித்தப்பா.”

அம்மா வாசலுக்கு வந்தாள். அவளுக்கும் தீ தெரியவில்லை. சட்டைக் கை தானாகவே கறுத்துச் சுருங்குவதைப் பார்த்தாள். அந்த டிரம்மை, இரண்டு பேர் சேர்ந்தால்தான் அசையும் டிரம்மை, தனியாகச் சாய்த்து அவர்மீது கவிழ்த்தாள். முழு டிரம். தண்ணீர் தெருவில் ஓடியது. எனக்கு வந்த முதல் அதிர்ச்சி அதுதான்: அம்மா தண்ணீரைக் கொட்டிவிட்டாள். சித்தப்பாவின் கையை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். சிரிப்பு எப்போது நின்றது என்று நினைவில்லை.

மெத்தனாலின் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. கலவையில் சொன்னபடி தண்ணீர் இருந்திருந்தால் அது இவ்வளவு சுலபமாகப் பற்றியிருக்காது.

சாயங்காலம் அப்பா ஸ்டேஷனிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். சித்தப்பாவின் வலது கை தோள்வரை கட்டுப் போட்டிருந்தது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹெட் விஷயம் முதற்கொண்டு எல்லாவற்றையும் சித்தப்பா அவரிடம் ஒப்பித்தார்.

“பாதிக்குப் பாதி தண்ணின்னு சொல்றியே, கேன்ல அவ்ளோ தண்ணியே இல்லியாமே. யார்றா கலந்தது?”

“நான்தாண்ணா. கொறச்சலா ஊத்தினா பவர் ஜாஸ்தி வரும்னு.”

“கொழந்தைய பக்கத்துல வெச்சிகினா?”

சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் அப்பா அவரோடு பேசவில்லை. அவரை மறுபடி காரைத் தொடவும் விடவில்லை.

பாவம், வலியில் சித்தப்பாவுக்கு யார் ஊற்றியது என்பதே மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். நல்லவேளை என்றும் நினைத்தேன். அவருக்கு ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்று அன்றிரவு வெகுநேரம் வேண்டிக்கொண்டேன்.