மாரீஸ்வரி கேட்ட மொய்

தாராவியில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் மைக் செட் என் கடையிலிருந்துதான் போகும். மொய் வாசிப்பதும் நான்தான். பந்திக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர் பெயரையும் தொகையையும் நாலு சந்துக்குக் கேட்கிற மாதிரி கத்துவேன். நயினார் தொண்டை என்றால் தெரியாதவர் இல்லை. என் பெண்டாட்டி இதைப் பெருமையாகச் சொல்வதில்லை. வீட்டிலும் அதே தொண்டைதான்.

நான் வாசிக்கிற பெயர்களில் தவறாமல் வருவது 'வேல்ராஜ் மாரீஸ்வரி'. வேல்ராஜ் தோல்பைப் பட்டறையில் வேலை பார்க்கிறவன், வாய் திறக்காத மனுஷன். மொய் கொண்டுவருவது அவன் பெண்டாட்டி மாரீஸ்வரி. ஜீன்ஸ் பேன்ட்டில் தொங்குகிற நூலை வெட்டிக் கொடுக்கிற கூலிவேலையை வீட்டிலிருந்தே செய்வாள். அந்தக் காசில் மிச்சம் பிடித்து யார் வீட்டு விசேஷத்துக்கும் வந்து எழுதிவிட்டு, இலையில் உட்காராமல் ஓடுவாள். "இருந்து சாப்பிட்டுட்டுப் போம்மா" என்றால், "சக்தி தனியா இருக்கா அண்ணாச்சி" என்பாள்.

மொய் என்பது தர்மம் இல்லை. இன்றைக்கு நான் உன் வீட்டில் எழுதியதை, நாளைக்கு நீ என் வீட்டில் ஒரு ரூபாயாவது கூட்டி எழுத வேண்டும். அதற்கு என் வீட்டிலும் ஒரு விசேஷம் நடக்க வேண்டும். மாரீஸ்வரி வீட்டில் என்ன விசேஷம் நடக்கும் என்று நாங்கள் ஒருத்தரும் யோசித்ததில்லை. கொடுக்கிற கையைக் கண்டால் வாங்கித்தானே பழக்கம்.

சக்தி என்கிற பிரம்மசக்தி அவளுக்கு ஒரே பிள்ளை. பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போகவில்லை என்றார்கள். கை கால் முறுக்கிக்கொண்டு நடக்க வராமல் போயிற்று. பேச்சு வரும். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் கிணற்றில் இறைப்பது மாதிரி இழுத்து இழுத்துத்தான் எடுப்பாள். புத்தியில் ஒரு குறையும் இல்லை. நான் மைக்கில் எவன் பெயரையாவது தப்பாக வாசித்துவிட்டால், அவர்கள் மாடி ஜன்னலிலிருந்து அவள் சிரிப்பு கேட்கும். கழுதை, ஒன்றையும் விடமாட்டாள்.

அந்த மாடிதான் வினை. எங்கள் சந்தில் எல்லா வீடும் கீழே ஒரு ரூம், மேலே ஒரு ரூம். மேல் ரூமுக்கு வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. வெறுங்கையோடு ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். மாரீஸ்வரி பிள்ளையை இடுப்பில் கட்டி இறக்கி, சயான் ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்குக் கொண்டுபோய், மறுபடி ஏற்றுவாள். பிள்ளை வளர்ந்தது. வேல்ராஜுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மழைநாளில் தாயும் மகளும் பாதி ஏணியிலிருந்து விழுந்தார்கள். சக்தியின் தாடையில் தையல் போட வேண்டியிருந்தது. அதே வருஷம் அவள் வயசுக்கும் வந்தாள். பெரிய பிள்ளையைச் சந்துப் பையன்கள் கைபோட்டுத் தூக்குவதற்கு மாரீஸ்வரி சம்மதிக்கவில்லை. சம்மதிப்பாளா எந்தத் தாயும்? அதோடு சக்தி கீழே இறங்குவது நின்றது. இரண்டு வருஷம் அந்த ஜன்னல்தான் அவளுக்கு மும்பை.

அப்போதுதான் செம்பூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் இருக்கிறது என்று சொன்னார்கள். வண்டி மெயின் ரோடு வரைக்கும் வரும். பிள்ளை கீழே இருந்தால் போதும். மாரீஸ்வரி குடியிருந்த வீட்டிலேயே கீழ் ரூம் காலியாயிற்று. ஒரு பட்டறைக்காரனும் இதைக் கேட்கிறான், ஒரு லட்சம் டெபாசிட் தந்தால் உனக்கே தருகிறேன் என்றான் வீட்டுக்காரன். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாசம் இருந்தது.

முதலில் மொபைல் கடை தப்ரேஸிடம் போனாள். நல்ல பையன். போனில் பணம் திரட்டித் தருகிற ஆப்பைக் காட்டி, முதலில் அவனே உதட்டைப் பிதுக்கினான்.

"ஆன்ட்டி, ஆபரேஷன்னு போட்டா காசு வரும். ரூம்னு போட்டா கோன் தேகா? யாரு தருவா? ஒரு ஆபரேஷன்னே எழுதிடவா?"

"வேண்டாம்ப்பா" என்றாள் மாரீஸ்வரி. "இல்லாத ஆபரேஷனைச் சொல்லி, நாளைக்கு நெசமாவே வந்து நின்னா?"

உள்ளதையே எழுதிப் போட்டான். சக்தி சிரிக்கிற வீடியோவும் போட்டான். கும்பிட்ட கைப் படம் குவியல் குவியலாக வந்தது. காசு என்று பார்த்தால் ஆட்டோக் கூலிக்குத் தேறும்.

அடுத்து ஒரு டிரஸ்ட்காரர்கள் வந்தார்கள். சக்கர நாற்காலி தருவோம், ரூம் கீம் எல்லாம் எங்கள் திட்டத்தில் இல்லை என்றார்கள். பேனர் கட்டி, சால்வை போட்டு, நாற்காலியைச் சந்துக்குள் உருட்டிவந்து, "பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க, போட்டோ எடுக்கணும்" என்றார்கள். இவள் ஏணியைக் காட்டினாள். அவர்கள் ஏணியைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், காலி நாற்காலியைச் சுற்றி நின்று பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பேனரைக் கிழித்து அடுப்பில் வைத்திருப்பேன். நாற்காலியை வைக்க மாரீஸ்வரிக்கு இடமில்லை. என் கோடவுனில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் கிடந்தது.

ஒரு நாள் அந்த நாற்காலியைத் துடைக்க வந்தவள், துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணாச்சி, எனக்கு மைக் வேணும். சக்திக்குச் சடங்கு வைக்கப் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா? அவ பெரியவளாகி ரெண்டு வருசம் ஆச்சு. ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு மொய் எழுதட்டும்." அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "எத்தனை வீட்டுல எழுதியிருக்கேன், நீங்கதான வாசிச்சிய? என் பிள்ளைக்குக் கல்யாணம் இல்லை, பேறுகாலம் இல்லை. எழுதுனது எனக்குத் திரும்பி வாரதுக்கு வேற எந்த வாசல் இருக்கு? சொல்லுங்க."

நோட்டை எடுத்து, எந்த ஞாயிறு என்று கேட்டேன்.

சடங்கு என்றால் தாய்மாமன் வேண்டும். அவள் அண்ணன் வானமாமலை காட்கோபரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். ஆளும் பெரிது, கடையும் பெரிது. அவன் மூன்று பெண்களின் சடங்குக்கும் இவள் நூல் வெட்டிய காசில் சேலையும் கொலுசும் எடுத்துப் போனவள். என் முன்னால்தான் போன் போட்டாள். அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"ஏட்டி, எதுக்கு இந்த வேலை? நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளையா பாக்கப் போறே? இருக்கிறதை மூடி வச்சுக்கிடாம ஊரைக் கூட்டிக் காட்டுதே? எனக்குக் கடையில வேலை கிடக்கு."

"நீ வரலேன்னா சடங்கு இல்லை. என் மவ மேலேயே இருப்பா" என்று சொல்லி போனை வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர்க்காரர் சங்க மண்டபத்தை நான் பேசிக் கொடுத்தேன். மைக்குக்கு வாடகை வாங்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வாங்கியிருந்தால் என் பெண்டாட்டி சோறு போட்டிருக்க மாட்டாள். காலையில் ஏணிக்குக் கீழே சந்தே கூடி நின்றது. மேலே சக்தி பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாமன் வரவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வேல்ராஜ் சந்து முனைக்கும் ஏணிக்கும் நடந்துகொண்டிருந்தான்.

ஒருவழியாக வானமாமலை வந்தான். கையில் ஒரு சேலைப் பை, முகத்தில் கடுகு வெடித்தது. "சீக்கிரம் ஆகட்டும். பிள்ளையை இறக்குங்க" என்றான்.

மாரீஸ்வரி மேலிருந்து சொன்னாள்: "மாமன் கைதான் முதல்ல படணும். நீ வந்து தூக்கு. அதுதான் முறை."

ஊர் பார்க்கிறது, மறுக்க முடியுமா? ஏறினான். சக்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தான். அவள் உடம்பு பயத்தில் விறைத்துக்கொள்ளும், கையும் காலும் தானாகத் திமிறும், பிடிக்குள் நிற்காது. பாதி ஏணியில் அவன் நின்றுவிட்டான். பிறகு கயிற்றைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தேடி இறங்கினான். கீழே வந்து, தயாராக நிறுத்தியிருந்த நாற்காலியில் பிள்ளையை உட்கார வைத்தவன், அப்படியே தரையில் உட்கார்ந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏட்டி, தெனமும் இப்படியா இறக்குதே?" என்று தங்கச்சியைக் கேட்டான்.

"முன்ன இறக்குனேன். இப்ப இல்ல. அவ வெயிலைப் பாத்து ரெண்டு வருசமாச்சு."

சக்தி முகத்தை மேலே திருப்பிக் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நின்ற பெண்களில் பாதிப் பேர் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

மண்டபத்தில் முதல் சீர் மாமனுடையது. அவன் சேலைப் பையைத் தட்டில் வைத்தான். பிறகு தன் கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றி, சக்தியின் கழுத்தில் போட்டான். மாரீஸ்வரியை நிமிர்ந்து பார்க்காமலே பந்திப் பக்கம் போய்விட்டான்.

மொய் ஆரம்பித்தது. வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை என்பதை என்னைவிட யார் நன்றாக அறிவார்? எந்தெந்த வீட்டில் இவள் பெயரை வாசித்தேன் என்று என் தொண்டைக்குத் தெரியும். பழைய இரும்புக் கடை பூலோகம் வந்தார். எங்கள் சந்தில் பசையுள்ள ஆள். அவர் மகள் கல்யாணத்துக்கு மாரீஸ்வரி ஐநூறு எழுதியவள். கவரை நீட்டி, என் காதுக்கிட்டே குனிந்தார். மைக் திறந்துதான் இருந்தது.

"நயினார், மொய்னு வாசிக்காத. ஊனமுற்ற பிள்ளைக்கு உதவின்னு சொல்லு, ஆயிரம் ரூவா. பாவம், இவ எங்க திருப்பிச் செய்யப் போறா?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் என்ன செய்வதென்று முழிப்பதற்குள், மாரீஸ்வரி வந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க. உதவி கேட்டு நான் இந்தச் சடங்கை வைக்கல. உங்க வீட்டு நல்லதுக்கு நான் வந்தேன், என் வீட்டு நல்லதுக்கு நீங்க வந்திருக்கிய. இன்னைக்கு எழுதுறதை நாளைக்கு உங்க வாசல்ல வந்து கூட்டி எழுதுவேன். என் பிள்ளை மேல சத்தியம். பாவம்னு கொண்டாந்தது இருந்தா, அது பையிலேயே இருக்கட்டும். சாப்பாடு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க."

மைக்கை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, சக்தியின் பக்கத்தில் போய் நின்றாள். பூலோகம் கவரும் கையுமாக நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "சரி, மொய்னே எழுது" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக ஒரு பெயரை நான் வாசித்ததில்லை.

அதற்கப்புறம் கொஞ்சம் சூடு பிடித்தது. சிலர் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தார்கள். ஒரு மொய்யும் கடன் இல்லாத தப்ரேஸ்கூட வந்து எழுதினான். என்றாலும் லட்சம் தேறவில்லை. ஊர் முழுக்க யோக்கியன் என்று யார் சொன்னது? மாமன் போட்ட சங்கிலி சக்தியின் கழுத்தில் ஒரு ராத்திரிதான் கிடந்தது. காலையில் சேட்டுக் கடைக்குப் போயிற்று. மீதிக்கு வட்டிக்கு வாங்கினாள். கீழ் ரூம் கிடைத்தது. இருட்டு ரூம், வாசலில் சாக்கடை, மழைக்கு ஓதம் ஏறும். ஆனால் வாசற்படி ஒன்றுதான். பள்ளிக்கூட வண்டி வருகிற காலையில் நாற்காலி கடகடவென்று என் கடையைத் தாண்டிப் போகும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு டீ இறங்குகிறது.

போன மாதம் பூலோகம் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. மொய் மேசையில் நான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாற்காலி வந்தது. மாரீஸ்வரி ஆயிரத்து ஒரு ரூபாயை மேசையில் வைத்தாள். எப்படிச் சேர்த்தாளோ, அவர் எழுதிய ஆயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூட்டி.

"யார் பேருக்கு எழுத? வேல்ராஜ் மாரீஸ்வரிதான?" என்றேன்.

அவள் மகளைப் பார்த்தாள். நான் மைக்கைச் சக்தியின் வாய்க்கு நேராகப் பிடித்தேன். பின்னால் வரிசை நின்றது. எவனோ "சீக்கிரம் அண்ணாச்சி" என்றான். "வாயை மூடுலே" என்றேன். கழுத்து நரம்பு புடைக்க, உதடு கோண, அவள் இழுத்தாள். "பி... ர... ம்... ம..." சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். "ச... க்... தி." கடைசி எழுத்து வந்ததும் சிரித்தாள், ஜன்னலில் கேட்ட அதே சிரிப்பு.

மொய் எழுதியவரை விசேஷ வீட்டுக்காரர் கும்பிட்டுச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். அது எங்கள் முறை. பூலோகம் வந்து மாரீஸ்வரியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அவள்ட்ட என்ன சொல்லுதீரு? மொய் எழுதுனது இங்க இருக்கு" என்று மைக்கிலேயே சொன்னேன்.

பூலோகம் குனிந்து, சக்தியின் முகத்துக்கு நேராகக் கைகூப்பி, "இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

"ச... ரி" என்றாள் சக்தி. அன்றைக்கு மாரீஸ்வரி ஓடவில்லை. தாயும் மகளும் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.