எங்கோ அடிபட்டவர்கள்

ஓசூரில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சபீஹா பதிவறை எழுத்தராக இருந்தாள். அவள் அப்பா கௌஸ் மொய்தீனுக்குக் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி. மகளை அங்கே உட்கார வைக்க அவர் நினைத்திருந்தார். அவளோ பெங்களூர் போய் மருத்துவப் பதிவுப் படிப்பு முடித்துவிட்டு வந்தாள். எந்த நோய்க்கும் எந்தக் காயத்துக்கும் உலகம் முழுக்க வழங்கும் எண் ஒன்று உண்டு. மண்ணீரல் கிழிந்தால் 865. தொடை எலும்பு முறிந்தால் 821. டாக்டர்கள் எழுதியதைப் படித்து அந்த எண்ணைப் போடுவது அவள் வேலை.

தொண்ணூற்றேழில் நிர்வாகக் குழு கூடி, விபத்துப் பிரிவை மூடிவிடலாமா என்று யோசித்தது. வேறோர் ஊர் மருத்துவமனையைவிட இங்கே சாவு இரண்டு மடங்காம். நர்சுகளின் அலட்சியம் என்றும் ஒருவர் சொல்லிவிட்டார். தலைமை நர்சு முனிலட்சுமி அன்று மத்தியானம் பதிவறைக்கு வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

“லாரி ஏறி நசுங்குனவனும் இங்கதான் வர்றான், மிஷின்ல நகம் பேந்தவனும் இங்கதான் வர்றான். ரெண்டு பேரையும் ஒண்ணா எண்ணுனா என்னா நாயம், சபீஹா?”

“நாயமில்லக்கா. நான் பெரிய டாக்டரைக் கேக்கறேன்.”

அறுவை மருத்துவர் சௌந்தரராஜன் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடி எவ்ளோ பலம்னு நீ போடற நம்பரை வெச்சே அளக்கலாம்மா. இப்பத்தான் ஒரு பத்திரிகையில படிச்சேன். ஒவ்வொரு காயத்துக்கும் நூறு பேர்ல எத்தனை பேர் பிழைச்சாங்கன்னு பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல கணக்கெடுத்து அட்டவணை போட்டிருக்காங்க. ஒருத்தனுக்கு மூணு காயம்னா அந்த மூணு விகிதத்தையும் பெருக்கணும். அவன் பிழைக்க எவ்ளோ வாய்ப்பு இருந்ததுன்னு தெரிஞ்சுடும். ஆனா நம்பர் சரியா இருக்கணும்.”

அங்கேதான் இடித்தது. பெரும்பாலான தாள்களில் ‘சாலை விபத்து, பல காயங்கள்’ என்றுதான் இருந்தது. அதற்கு 959 தவிர வேறு எண் போட முடியாது. எங்கோ அடிபட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

விபத்துப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் தங்கமணியிடம் போய் நின்றாள். அவர் எரிந்து விழுந்தார். “ரத்தத்தை நிறுத்தறதா, உக்காந்து கதை எழுதறதா?”

“நீங்க எழுத வேணாம் டாக்டர். எந்த எலும்பு, வயித்துக்குள்ள என்னான்னு வாயால சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்.”

மறுநாளிலிருந்து சபீஹா வார்டில் நின்றாள். அதுவரை எண்ணாக மட்டும் அறிந்த காயங்களைக் கண்ணால் பார்த்தபோது முதல் நாள் வார்டை விட்டு வெளியே போய்விட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். போச்சம்பள்ளி ஆலையில் வேலை செய்த ஆஞ்சப்பனை லாரி இடித்துக் கொண்டுவந்தார்கள். வெளியே பெரிய காயமில்லை, வயிறு மட்டும் உப்பியிருந்தது. “ஷிப்டுக்கு ஆள் சொல்லணும்மா” என்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். பெங்களூரிலிருந்து ரத்தம் வந்து சேருமுன் இறந்துபோனார். சபீஹா அவர் தாளை எழுதி முடித்துவிட்டுத்தான் அன்று வீட்டுக்குப் போனாள். காலையில் மறுபடி வார்டுக்குப் போனாள்.

சில மாதங்களில் தங்கமணியே கூப்பிட ஆரம்பித்தார். “சபீஹா, இவருக்குக் கல்லீரலும் கிழிஞ்சிருக்குது, வுட்டுடாதீங்க.”

ஓராண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. தலையில் அடிபட்டு வந்தவர்கள் அட்டவணை எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே பிழைத்திருந்தார்கள். சாவு கூடுதலாகத் தெரிந்ததற்குப் பெரிய காரணம், இங்கே வந்தவர்கள் அவ்வளவு பலமாக அடிபட்டு வந்ததுதான். ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து வந்தவர்களில், பிழைத்திருக்க வேண்டிய பலர் பிழைக்கவில்லை.

சௌந்தரராஜன் அந்தக் கணக்கை இரண்டு முறை படித்தார். அவர்களில் பலருக்கு அறுவை செய்தவர் அவர்தான். “தலைக்காயத்தை மட்டும் காட்டுனா பிரிவு தப்பிச்சுடும்மா. இதையும் காட்டுனா இதைச் சொல்லியே மூடிடுவாங்க.”

“ஆஞ்சப்பனும் இதுல இருக்கறாரு சார். அவரை எடுத்துட்டு நான் டைப் அடிக்க மாட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, முழுசா அடி. குழு முன்னாடி நானே படிக்கறேன்.”

ஒரு வரி விடாமல் படித்தார். இவர்களில் பலர் என் கையில் இறந்தவர்கள் என்றும் சொன்னார். குழுவில் சத்தம் எழுந்தது. முனிலட்சுமி எழுந்து, “ரத்தம் இங்கயே இருந்திருந்தா பாதிப் பேரு வூட்டுக்கு நடந்து போயிருப்பாங்க” என்றார். குழு மூடும் யோசனையைக் கைவிட்டு, இங்கேயே ரத்தம் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது.

ரத்தம் சேமித்து வைக்க அனுமதி வாங்க ஓராண்டுக்கு மேல் இழுத்தது. சபீஹா தருமபுரியிலும் சென்னையிலும் அரசு அலுவலகங்களுக்கு அலைந்தாள். கடைசியில் குளிர்பெட்டி வந்தது. ஆலைத் தொழிலாளர்கள் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கி ரத்தம் கொடுத்தார்கள். வயிற்றில் அடிபட்டு வந்தவர்களில் இறப்பவர்கள் கண்கூடாகக் குறைந்தார்கள்.

அதன்பின் சபீஹா தீக்காய வார்டுக்குப் போனாள். அங்கிருந்த டாக்டர், “உங்களுக்கு இங்க என்னா வேலை?” என்றார். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 959 என்ற எண்ணிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.