கேமரா மட்டும் வேலை செய்யாது

கேட்டைத் திறப்பதைவிட மூடி வைப்பதில்தான் மாயாண்டி கெட்டிக்காரர். ஈப்போவில், தம்புன் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு அவர் ஜாகா. பகல் காவல். சாப்பாடு கொண்டு வரும் மோட்டார்காரர்களை வெயிலில் நிறுத்தி, அவர்கள் பெயரை நோட்டில் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி எழுதுவார். மழை பெய்தால் இன்னும் மெதுவாக எழுதுவார். கூட்டிப் பெருக்கும் வங்காளதேசத்து ஆட்கள் காவல் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றால், எழுந்து போய் விசிறியை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். தனக்கும் வேர்க்கும். பரவாயில்லை.

கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் செம்பனை ஆனது, பிறகு வேலி போட்ட வீடமைப்பு ஆனது. அவர் பலகைத் தொழிற்சாலைக்கும், ஐஸ் லோரிக்கும் போய், கடைசியில் இந்தச் சட்டைக்கு வந்து சேர்ந்தார். இப்போது புந்தோங் அடுக்குமாடியில் மனைவி வீரம்மாவோடு இருக்கிறார். வயது ஐம்பத்தொன்பது. அந்த வயதில் ஓர் ஆளைப் புதிதாக எடுக்கும் காவல் கம்பெனி ஈப்போவில் இல்லை. இது அவருக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும்.

காவலர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நோட்டில் ரோந்து போகிறார்கள் என்று கண்டுபிடித்தவர் ஸ்கந்தராஜா. குடியிருப்போர் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, யாழ்ப்பாண வம்சம். அவர் சொன்ன பிறகு கம்பெனி ஒரு செயலியைக் கொண்டு வந்தது. சுவர்களில் கட்டம் கட்டமான ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஸ்டிக்கரையும் சொந்தப் போனில் படம் பிடிக்க வேண்டும். ஒன்று விட்டாலும் அந்தச் சுற்று முழுவதும் சிவப்பாகிவிடும்.

மாயாண்டியிடம் இருந்தது பொத்தான் போன். அதனால் மகள் கலாதேவி கல்யாணமாகி ஜொகூர் போகும்போது விட்டுப்போன மலிவு டேப்லெட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றினார். "என்னாண்ணே, சிலேட்டத் தூக்கிட்டு ஸ்கூலுக்கா?" என்று மாலைக் காவலுக்கு வருகிறவன் தினமும் கேட்டான். தினமும் அதே வார்த்தை.

ஏப்ரலில் செயலி திறக்க மறுத்தது. சிவப்பு எழுத்தில் மலாயில் ஏதோ வந்தது. டேப்லெட்டின் மென்பொருள் மிகவும் பழசு, இனி இதில் ஓடாது என்பது அதன் பொருள். மேற்பார்வையாளர் சதாசிவம் மோட்டாரை அணைக்காமலேயே சேதி சொன்னார்.

"அண்ணே, ஒண்ணாந் தேதிக்குள்ள ஆப் ஓடணும். ஓடலன்னா நேப்பாளத்துக்காரன் வாரான். நான் ஒண்ணும் பண்ண முடியாதுலா."

"ஓடும் சார்."

"ஓடுனா நல்லது. கூடவே நீங்களும் கொஞ்சம் ஓடுங்க. வயித்தப் பாருங்க."

புதுப் போன் வாங்க அந்த மாதம் வழியில்லை. வீரம்மாவின் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

இந்த நேரத்தில்தான் ஸ்கந்தராஜாவின் மகன் பிரஷாந்தன் காவல் கூண்டில் அந்த டேப்லெட்டைப் பார்த்தான். கணினி டிப்ளோமா முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருக்கிறவன். வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறான் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அவன் செய்வது வேறு. பழைய கருவிகளில் தயாரித்தவன் போட்டு அனுப்பிய மென்பொருளைத் துடைத்தெடுத்துவிட்டு, இணையத்தில் முகம் தெரியாதவர்கள் சேர்ந்து செய்யும் இயங்குதளத்தை ஏற்றுவான். இந்த வகை டேப்லெட்டுக்கும் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தான். போட்டுப் பார்க்கத்தான் ஒரு டேப்லெட் கிடைக்கவில்லை. கெட்டுப்போனாலும் கேட்க ஆளில்லாத டேப்லெட்டாக வேண்டும்.

"அங்கிள், இது சரியான ஸ்லோ எல்லோ?" என்று அதைப் புரட்டிப் பின்பக்கத்து எண்ணைப் படித்தான்.

"ஆமா தம்பி. இழுக்குது."

"நான் புது சிஸ்டம் போட்டுத் தாறன். ஆகப் புதிசு. கம்பெனிக்காரன் இதுக்கு ஒருநாளும் குடுக்க மாட்டான். நீங்கள் இதில என்ன செய்யிறனீங்கள்?"

தோட்டத்தில் பெயர் கூப்பிடும் நேரத்தில் தன் அப்பா கணக்கெழுதும் கிராணியின் முன்னால் நின்ற விதம் மாயாண்டிக்குத் தெரியும். கிராணி என்ன கேட்டாலும், தனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் அப்பா சொல்ல மாட்டார். காய்ச்சல் என்றால் நன்றாக இருக்கிறேன் என்பார். தேவை தெரிந்துவிட்டால் அந்தத் தேவையிலேயே அடிப்பார்கள். இந்தப் பையனின் அப்பாதான் சங்கத் தலைவர். செயலி ஓடவில்லை என்று இங்கே சொன்னால், பொழுது சாய்வதற்குள் ஏழாவது மாடியில் அவர் காதுக்குப் போய்விடும்.

"சும்மா பாட்டு கேக்கத்தான் தம்பி. சாமி பாட்டு."

"அவ்வளவுதானோ? அப்ப சரி."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கீழ்த்தளப் பொது மண்டபத்தில் வேலை நடந்தது. பிரஷாந்தன் மடிக்கணினியைத் திறந்து கேபிளை மாட்டினான். "உள்ளுக்க இருக்கிறதெல்லாம் அழியும், பரவாயில்லையோ?" என்று கேட்டான். உள்ளே மகளின் பள்ளிக்கூடப் படங்கள் சில இருந்தன. பரவாயில்லை என்றார் மாயாண்டி. திரை கறுத்தது. ஒரு வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. இரண்டு தடவை செத்துப் பிழைத்தது. கேட்டில் ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. மாயாண்டி எழுந்திருக்கவில்லை. பிரசவ வார்டுக்கு வெளியே இருப்பவரைப் போலக் கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

நாற்பது நிமிடத்தில் திரை விழித்தது. புதிய நிறங்கள். விரல் பட்டதும் எண்ணெயில் வழுக்குவதுபோல நகர்ந்தது.

பிரஷாந்தன் கேபிளைச் சுருட்டியபடி சொன்னான். "கமெரா மட்டும் வேலை செய்யாது அங்கிள். அதுக்கு இன்னும் ஒருத்தரும் சரியா எழுதேல்ல. டேப்பில ஆர் படம் எடுக்கிறது? உங்களுக்குப் பாட்டுத்தானே."

மாயாண்டி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி. பாட்டுத்தான்."

"வேற ஒண்டும் வேண்டாமே?"

"வேணாம் தம்பி. ரொம்ப நன்றி."

கூண்டுக்குத் திரும்பிச் செயலியை ஏற்றினார். சிவப்பு எழுத்து வரவில்லை. ஓடியது. லிஃப்ட்டுக்குப் பக்கத்து ஸ்டிக்கருக்கு நேராக டேப்லெட்டைப் பிடித்தார். திரையில் கறுப்புச் சதுரம். கிட்டே கொண்டு போனார், தள்ளிப் பிடித்தார், துணியால் துடைத்தார். சுவரோடு சுவராக ஒட்டி வைத்தும் பார்த்தார். லிஃப்ட்டிலிருந்து இறங்கிய ஒரு சீன அம்மாள் அவரைச் சுற்றி நடந்து போனாள்.

அடுத்த நாள் பிரஷாந்தனை வழியில் பிடித்தார். "தம்பி, பழையபடி போட்டுத் தர முடியுமா?"

"ஏன், பாட்டு வரேல்லயோ?"

"வருது தம்பி."

"பிறகென்ன? பழசை நான் எடுத்து வைக்கேல்ல அங்கிள். அது குப்பை."

அன்று மாலையே அவன் தன் இணையக் குழுவில், இந்த மாடலில் சோதித்தாகிவிட்டது, பயன்படுத்துகிறவருக்குத் திருப்தி என்று எழுதிப் போட்டான்.

ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. மாயாண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்து வளாகத்தில் போன் பழுது பார்க்கும் தினேஸ்வரியிடம் போனார். முப்பது வயதுப் பெண். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டியபடியே பேசுவாள்.

"யாருண்ணே இதுல கைய வச்சது?"

"தெரிஞ்ச பையன்."

"தெரிஞ்ச பையனா? தெரியாத பையன்கிட்ட குடுத்திருந்தாகூட பாசாங்குக்காவது ஒரு காப்பி எடுத்து வச்சிருப்பான். பழசு இருந்தா ஒரே நிமிஷ வேலண்ணே. இல்லியா? அப்ப தேடணும்."

தேடினாள். அதே பெயரில் பின்னால் வந்த டேப்லெட்டின் மென்பொருள் ஒன்று கிடைத்தது. அதை ஏற்றினாள். கேமரா திறந்தது. திரையில் தினேஸ்வரியின் முகமே பெரிதாகத் தெரிந்தது. மாயாண்டி சிரித்துவிட்டார். அவள் 'சரி' என்ற இடத்தைத் தொட்டாள். 'வேண்டாம்' திறந்தது. மறுபடி தொட்டாள். மறுபடியும் அப்படியே. இடது பக்கம் தொட்டால் வலது பக்கத்தில் விழுந்தது, வலது பக்கம் தொட்டால் இடது பக்கத்தில். நடுவில் தொட்டால் மட்டும் நடுவில்.

"உள்ள இருக்கிற கண்ணாடி வேறண்ணே. இந்த சாப்ட்வேருக்கு அது பழக்கமில்ல," என்றாள். "ஒண்ணு கெடச்சா ஒண்ணு போவும். கேமரா வேணுமா, தொட்ட எடம் வேணுமா? சொல்லுங்க, பின்னால வேற ஆள் நிக்கிறாங்க."

"கேமரா."

"சந்தோஷமா போய்ட்டு வாங்க."

புந்தோங் வீட்டில் மூன்று மாலை அவர் பயின்றார். செயலி கேட்கும் ரகசிய எண் ஆறு இலக்கம். கம்பெனி எல்லாருக்கும் அவரவர் பிறந்த தேதியையே, வருடத்தை முன்னால் வைத்து, கொடுத்திருந்தது. அவருக்கு ஆறு ஐந்து பூஜ்யம் ஒன்பது ஒன்று ஏழு. அதைப் போட வேண்டுமானால் நான்கு ஐந்து பூஜ்யம் ஏழு மூன்று ஒன்பதைத் தொட வேண்டும். சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டித் தட்டிப் பழகினார். "யாருக்குன்னு இப்ப தந்தி அடிக்கிறீங்க?" என்றாள் ஒரு கண்ணை மூடியிருந்த வீரம்மா.

ஒன்றாம் தேதி செயலி ஓடியது. படம் பிடிக்கும் பொத்தான் நடுவில் இருந்ததால் தொல்லையில்லை. பதினொரு நாள் ஒரு சுற்றுகூடச் சிவப்பாகவில்லை. சதாசிவம் போனில் கூப்பிட்டு, "பரவால்லியே அண்ணே, நான் வேற ஆளுக்குச் சொல்லி வச்சிருந்தேன்," என்றார். மாயாண்டி அன்று ஒரு மோட்டார்காரரை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை ஸ்கந்தராஜா ரோந்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். சதாசிவம் கூட வந்தார். காருக்குக் காத்திருந்த பிரஷாந்தனும் கூண்டு வாசலில் நின்றான். செயலி அன்று தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு வெளியேறியிருந்தது. ரகசிய எண் கேட்டது.

"போடுங்கண்ணே," என்றார் சதாசிவம்.

மாயாண்டி நான்கைத் தொட்டார். ஐந்து. பூஜ்யம். திரையில் எண்கள் தெரியாது, புள்ளிகள் மட்டும்தான் விழும். மூன்று பேரும் அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழைத் தொட்டார். மூன்றைத் தொட்டார்.

"நில்லுங்க, நில்லுங்க," என்று சதாசிவம் கையைப் பிடித்தார். "என்னாண்ணே இது? பொறந்த தேதிய மறந்துட்டீங்களா?"

"இல்ல சார், சரியாத்தான்…"

"எங்க சரி? அறுபத்தஞ்சு தானே? நீங்க நாப்பத்தஞ்சு போடுறீங்க. தள்ளுங்க, நான் போடுறேன்."

அவர் சரியாகப் போட்டார். தவறு என்றது. மறுபடி சரியாகப் போட்டார். மூன்றாம் தடவை போட்டதும் செயலி பூட்டிக்கொண்டது. மதியம்வரை திறக்காது.

"சார், இது எதிர்ப்பக்கமா விழும்," என்றார் மாயாண்டி. குரல் ஏறிவிட்டிருந்தது. "ஒண்ணத் தொட்டா மூணு விழும். மூணத் தொட்டா ஒண்ணு விழும். ஏழுக்கு ஒம்பதத் தொடணும் சார்."

சதாசிவம் ஸ்கந்தராஜாவைப் பார்த்தார். ஸ்கந்தராஜா மாயாண்டியின் கண்களை உற்றுப் பார்த்தார், டாக்டர் பார்ப்பதுபோல.

"எவ்வளவு நாளா இப்பிடி?" என்று சதாசிவத்திடம் கேட்டார்.

"நான் இன்னிக்கித்தான் சார் பாக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு இங்கேருந்து பஸ் இருக்குல்லண்ணே?" என்றார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அது.

மாயாண்டி பிரஷாந்தனைப் பார்த்தார். "தம்பி. நீங்க சொல்லுங்க தம்பி."

பிரஷாந்தன் டேப்லெட்டை எடுத்தான். இடது ஓரத்தில் ஒரு தடவை தொட்டான். வலது ஓரம் திறந்தது. அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது, விடை கிடைத்த மாணவனுக்கு வருவது. அப்பா அவனைப் பார்த்தார்.

"உனக்கு இது என்னண்டு தெரியுமோ?"

"தெரியாது அப்பா," என்றான். திரையை அணைத்து, டேப்லெட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்தான்.

"பாவம்," என்றார் ஸ்கந்தராஜா. உண்மையாகவே இரங்கிச் சொன்னார். "ஆனால் குழந்தைகள் இருக்கிற இடம். ஆளை மாத்துங்கோ."

சதாசிவம் அங்கிருந்தே கம்பெனிக்குப் போன் செய்தார். சொல்லி வைத்திருந்த நேப்பாளத்துக்காரர் இரண்டு மணிக்கு வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். சட்டை மடிப்புக் கலையாமல், காலணி பளபளக்க வந்திருந்தார். கையில் புதுப் போன். ஸ்டிக்கர் இருக்கும் இடங்களையெல்லாம் அவருக்குக் காட்டும்படியும், யூனிஃபார்மைத் துவைத்து வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வந்து கொடுக்கும்படியும் மாயாண்டியிடம் சதாசிவம் சொல்லிவிட்டுப் போனார்.

மாயாண்டி முன்னால் நடந்தார். லிஃப்ட், கார் நிறுத்துமிடம், குப்பை அறை, நீச்சல் குளத்துப் படி, மொட்டை மாடி. ஒவ்வோர் இடத்திலும் அவர் விரலை நீட்ட, புதியவர் படம் பிடித்துத் தலையை ஆட்டினார். மாடியிலிருந்து இறங்கிப் பின்பக்கமாக வந்தார்கள். தண்ணீர் பம்ப் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. கதவின் உள்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் உண்டு. மாயாண்டி கதவை முழங்கையால் சாத்திவிட்டு, நடையைத் தளர்த்தாமல் கடந்து போனார்.

"இவ்வளவுதானா அபாங்?" என்று நேப்பாளத்துக்காரர் மலாயில் கேட்டார்.

"இவ்வளவுதான்."

அவர் நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். மாயாண்டி கேட்டை நோக்கி நடந்தார்.