டப்பாவில் இருந்த செத்த புழுக்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எதைக் கண்டாலும் பயப்படுவேன். எங்கள் விளையில் நிற்கும் ஏத்தன் வாழைகளில் கிழங்கைத் துளைக்கும் வண்டு விழுந்தது. வேளாண் அலுவலகத்துப் பெண் கொடுத்த டப்பாவைக் கொண்டுவந்து, வாழைத் தூரில் புதைக்கச் சொன்னார் என் கணவர். திறந்தால் செங்கல் நிறத்தில் செத்த புழுக்கள். பிள்ளைகளுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று அப்படியே அடுப்பில் போட்டுவிட்டேன்.

"ஏட்டி, எல்லாம் வச்சியா?" என்றார் சாயங்காலம்.

"வச்சாச்சு" என்றேன்.

இரண்டு மாதத்தில், காற்றே இல்லாமல், குலையோடு வாழைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பார்க்க வந்த அந்தப் பெண்ணைப் பக்கத்து விளைக்காரர்கள் முன்னால் என் கணவர் ஏசினார். "செத்த புழுவத் தந்து ஏமாத்துதியளா?"

"அண்ணே, அது வெறும் கூடு. உள்ள கண்ணுக்குத் தெரியாத உருளைப்புழு ஆயிரக்கணக்குல உயிரோட இருக்கும். மண்ணுக்குள்ள போயி வண்டோட புழுவத் தேடிக் கொல்லும். மனுசர ஒண்ணும் செய்யாது."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்த வாழையை வெட்டப் போனார்.

இப்போது தெரியாததைக் கேட்காமல் எறிவதில்லை. டப்பா வந்தால் வெயில் தாழ்ந்தபின் ஈர மண்ணில் நானே புதைக்கிறேன். அடுப்பில் அன்று கேட்ட சடசடப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "வச்சியா?" என்று அவர் இப்போது கேட்பதில்லை. தூரில் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறார்.