தெரு இல்லாத ஊருக்குக் கொண்டுபோன குக்கர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

நான் பணிபுரியும் உல்லாசக் கப்பலில் எனக்கு இன்றுவரை பழகிப்போகாத விநோதம் ஒன்று உண்டு. காலை முதல் மாலை வரை என் கைகள் கொதிக்கும் நீராவியோடுதான் புழங்குகின்றன. கப்பலின் அடித்தளத்துச் சலவைக் கூடத்தில், அதிகாரிகளின் வெள்ளைச் சட்டைகளையும் உணவு மேசை விரிப்புகளையும் இயந்திரத்தில் இட்டுத் தேய்ப்பது என் தொழில். ஒரு நாளைக்கு எத்தனை சட்டைகள் என் கையைக் கடந்து செல்கின்றன என்று எனக்கே தெரியாது. ஆயினும் வேலை முடிந்து என் அறைக்குத் திரும்பிவிட்டால், என்னுடைய ஒரே சட்டையைத் தேய்த்துக்கொள்ள அங்கே ஓர் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ள எனக்கு அனுமதியில்லை. இஸ்திரிப் பெட்டி மட்டுமன்று. கெட்டில், வெந்நீர் போடும் ராடு, குக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று மின்சாரத்தில் சூடாகக்கூடிய எதுவும் கூடாது. கப்பல் ஏறும்போதே அவற்றை ஒப்படைத்துவிட வேண்டும். எண் அட்டை கட்டி வைத்திருந்து, ஒப்பந்தம் முடிந்து இறங்கும் நாளில் திருப்பித் தருவார்கள். அப்படியும் யாராவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக, வாரத்தில் ஒரு நாள் அதிகாரி ஒருவர் டார்ச் விளக்குடன் வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பார். போகும் முன் மூக்கை உயர்த்தி ஒருமுறை மோந்தும் பார்ப்பார்.

பொழிச்சலூரில் எங்கள் வீட்டை அவர் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொன்று. டி.வி., மிக்ஸி, டேபிள் ஃபேன், செல்போன் சார்ஜர் அனைத்தும் அந்த ஒரு வழியாகவே உயிர்பெற்று வந்தன. பிளக் உடைந்துபோனால் புதிதாக வாங்குவதற்கு எங்கள் தெருவில் யாரும் கடைக்கு ஓடுவதில்லை. வயரின் இரண்டு முனைகளையும் பிளேடால் சீவி, ஓட்டைகளில் செருகி, அவை ஆடாமலிருக்க இரண்டு தீக்குச்சிகளைப் பக்கத்தில் இறுக்கிவிடுவோம். இந்தக் கலையில் நான் சற்றுப் பெயர் பெற்றவன் என்றே சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளில் மிக்ஸி ஓடவில்லையென்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பல்லாவரத்தில் ஒரு லாண்டரியில் நெடுங்காலம் தேய்ப்பாளனாக இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்கிய வயதில்தான் நான் கப்பலுக்குச் சென்றேன். முதல் ஒப்பந்தம் முடிந்து திரும்பியபோது என் உடம்பு பாதியாகியிருந்தது. எனக்கு வயிற்றில் புண் உண்டு. நேரத்திற்குச் சூடாக, குழைவாகச் சாப்பிட வேண்டும் என்பது மருத்துவர் சொன்னது. கப்பலில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சலவைக் கூடத்தில் என் முறை முடிந்து உணவுக்கூடத்திற்குப் போகும் வேளையில் அது ஆறி, விறைத்து, பருக்கை பருக்கையாக நிற்கும். இதை என் மனைவி ஜெயமேரியிடம் ஒரு பேச்சாகச் சொன்னேன். மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடைக்குச் சென்றாள்.

"ஒரே ஒரு ஆளுக்கு சோறாக்கற மாதிரி சின்னதா ஒரு கரண்ட் குக்கர் குடுங்கண்ணா. கப்பலுக்குப் போவுது."

"கப்பலுக்கா? அப்ப பெருசா எடுத்துக்கம்மா. மொத்த கப்பலுக்கும் ஆக்கிப் போடலாம்" என்றார் கடைக்காரர்.

"என் வூட்டுக்காரருக்கு மட்டும் போதும். மத்தவங்களுக்கு அவங்கவங்க பொண்டாட்டி வாங்கிக் குடுக்கட்டும்."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, அடியைத் தட்டிப் பார்த்து, குக்கரைத் தன் மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தாள்.

இத்தகைய பொருள்கள் கூடாது என்பது நான் கையெழுத்திட்ட காகிதங்களில் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் பல பக்கங்கள். படித்தவனைப் போலத் தலையசைத்துக் கையெழுத்திட்டது என் தவறு. வேறு யாரையும் நான் குறை கூற மாட்டேன். கப்பல் ஏறிய நாளன்று கூட்டம் அதிகம். போர்வைக்குள் சுற்றியிருந்த குக்கர் அவர்கள் கண்ணில் படாமல் உள்ளே வந்துவிட்டது.

என் அறைத் தோழர் ரொமெல், பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். அவரும் சோறு தின்று வளர்ந்தவர். குக்கரைக் கண்டதும் முதலில் அவர் முகம் மலர்ந்தது; உடனே வாடியது. "பிரதர், நோ குட்" என்றார். "ஃபைவ் மினிட்ஸ்" என்றேன் நான். பிற்பகல் இடைவேளை நேரம். கப்பலின் பிளக் ஓட்டை நம் ஊர்ப் பிளக்கை ஏற்கவில்லை. அதற்கெல்லாம் அசருகிறவனா நான்? பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, வயரைச் சீவி, ரொமெலின் தீப்பெட்டியிலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்து இறுக்கினேன். அரிசியை ஒரு டம்ளரால் அளந்து போட்டுக் கட்டிலின் மேலேயே குக்கரை வைத்தேன். சிறிது நேரத்தில் சோறு கொதிக்கும் வாசனை எழுந்தது. என் கண்கள் கலங்கிவிட்டன என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இருவரும் குக்கரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதன் ஆவி நேராக எழுந்து, கூரையில் பொருத்தியிருந்த வட்டமான வெள்ளைப் புகையறி கருவியைத் தொட்டதை இருவருமே பார்க்கவில்லை.

அடுத்து நடந்தது எல்லாம் நான்கைந்து நிமிடங்களுக்குள். கதவு திறந்தது. தலைக்கவசமும் முதுகில் காற்று உருளையுமாக நான்கு தீயணைப்பு வீரர்கள். அவர்களுக்குப் பின்னால் பாதுகாப்பு அதிகாரியான ஓர் இத்தாலியர். அறையில் நெருப்பு இல்லை; கட்டிலில் ஒரு குக்கரும் அதன் இருபுறமும் இரண்டு கிழவர்களும் மட்டும். வீரர்களில் ஒருவர் கவசத்திற்குள் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. வயரைத் தொடர்ந்து சென்ற அவர் பார்வை பிளக் ஓட்டையில் நின்றது. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு குச்சியை உருவி, அதன் மருந்துத் தலையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"மேட்ச்?" என்றார். "இன் த சாக்கெட்? மேட்ச்?"

"நோ ஃபயர், சார். ஒன்லி ஃபார் ஹோல்டிங். ஃபார் சேஃப்டி, சார்" என்றேன் பணிவுடன்.

அவர் குச்சியைக் கீழே இறக்கினார். பிறகு மிகவும் மெதுவான குரலில், "இஃப் ஃபயர், வேர் வில் யூ ரன்?" என்று கேட்டார். நான் கப்பலை விட்டு ஓடிப்போகத் திட்டமிட்டிருப்பதாக அவர் ஐயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. சிலர் அவ்வாறு துறைமுகங்களில் ஓடிவிடுவதுண்டு. பதறிப்போய், "நோ சார், ஐ வில் நாட் ரன், சார். ஐ ஹேவ் ஃபேமிலி" என்றேன். அவர் என் தோளைப் பிடித்து நடைவழிக்கு அழைத்து வந்தார். இருபுறமும் வரிசையாக மூடிய கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் முறை முடித்து உறங்குபவர்கள். ஒவ்வொன்றாக விரலால் சுட்டிக் காட்டி, கடைசியில் சுவரைத் தட்டி, "சீ" என்றார். சுவருக்கு அப்பால் கடல் என்பதை அப்போதுதான் நான் உடம்பால் அறிந்தேன்.

எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை தரப்பட்டது. இன்னொரு முறை நேர்ந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பதற்காக ரொமெலுக்கும் ஓர் எச்சரிக்கை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பாதி வெந்த சோறு போனதற்குத்தான் வருந்தினார். குக்கரை டேப் சுற்றி, எண் எழுதிய அட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துறைமுகத் தொலைபேசியில் ஜெயமேரி கேட்ட முதல் கேள்வி, "சூடா சாப்டீங்களா?" என்பது.

"குக்கர் சோறுதான், ஜெயா" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று.

"தண்ணி சேத்து கொழைய வைங்க."

"கொழஞ்சிதான் கீது."

இவ்வாறு ஏழு மாதங்கள். வயிறு வலித்த நாட்களிலும் வலிக்கவில்லை என்றேன். அவளோ கோவிலம்பாக்கத்தில் இருக்கும் தன் தங்கை வரைக்கும் என் குக்கர் சோற்றின் பெருமையைப் பரப்பிவிட்டிருந்தாள். ஒப்பந்தம் முடிந்து இறங்கியபோது குக்கரைத் திருப்பித் தந்தார்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்துக் கழிவறையில் நின்று அட்டையைக் கிழித்து, டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தேன். வீட்டில் ஜெயமேரி குக்கரை வாங்கி உள்ளே வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று எண்ணினேன்.

மறுபடி புறப்பட ஒரு வாரம் இருக்கையில் என் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடிவிட்டு அவளிடம் கேட்டேன்.

"பாஸ்போர்ட்டா? குக்கர்ல கீது. தெனமும் தொறந்து சோறு எடுத்தவருதான, எடுத்துக்கங்க."

திறந்தேன். உள்ளே பாஸ்போர்ட் இருந்தது. அதன் மேல், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாத அளவுக் கப்.

"இந்தக் கப்ப பிரிக்காம ஏழு மாசம் இன்னாத்துல அளந்தீங்க?"

"டம்ளர்ல."

"பிளக்கு எங்க போச்சி?"

நான் வயரின் சீவிய முனைகளைப் பார்த்தேன்.

"சட்டி அடியில ஒரு கறை கூட இல்ல. நீங்க சொன்னத நம்பி நானு இங்க நிம்மதியா சாப்ட்டுக்கினு இருந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். வயித்து வலி இல்லன்னு சொன்னீங்களே, அதுவும் பொய்யி தான?"

"ஜெயா..."

"இனிமே நீங்க போன்ல சொல்றதுல எத நம்பறது நானு? நீங்க போவ வாணாம். பல்லாவரத்துலயே துணி தேச்சிக்கினு என் கண்ணு முன்னாடி இருங்க."

ஐயா, அம்மையீர், வெளிநாட்டில் பிழைப்பவனுக்கும் அவன் வீட்டாருக்கும் இடையில் இருப்பது வாரத்தில் சில நிமிடத் தொலைபேசிப் பேச்சு மட்டும். அந்தச் சொல்லை அவள் நம்பாவிட்டால், நான் கப்பலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் இருவரும் தனியர்தாம். எனவே பாஸ்போர்ட்டைத் தொடாமல், குக்கரை நடுவில் வைத்து, தரையில் உட்கார்ந்து அனைத்தையும் சொன்னேன். தீக்குச்சியைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் என்மீதிருந்து இத்தாலியர்மீது தாவியது.

"தீக்குச்சி சொருவுனா இன்னா? இங்க எல்லா வூட்லயும் அதான கீது? நெருப்பா புடிச்சிகிச்சி?"

"இங்க புடிச்சா தெருவுக்கு ஓடிப்புடலாம், ஜெயா. அங்க தெரு இல்ல."

மேலே ஒரு விமானம் தாழ்ந்து சென்றது. எங்கள் பகுதியில் அந்த நேரம் பேச்சை நிறுத்திக்கொள்வது வழக்கம். சத்தம் அடங்கிய பின்னும் அவள் வாசற்கதவின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெருவே இல்லாத ஊர்லயா இத்தினி நாளும் இருந்துகினு வரீங்க?" என்றாள் கடைசியில். அந்தக் குரலில் கோபம் இல்லை.

பாஸ்போர்ட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஒரு நிபந்தனையுடன்: சாப்பிட்டது எதுவோ, வலி எதுவோ, அதை அப்படியே சொல்ல வேண்டும். அன்று மாலை நான் பம்மலுக்குச் சென்று புதிய பிளக்குகள் வாங்கி வந்து, வீட்டிலிருந்த தீக்குச்சிகள் அனைத்தையும் பிடுங்கினேன். "வூட்டையும் கப்பலாக்கிட்டீங்களா? நாளைக்கி டார்ச் அடிச்சிக்கினு என் அடுப்பாண்ட வந்து நிப்பீங்க போல" என்று அவள் கேலி செய்தாள். குக்கருக்கும் ஒரு புதுப் பிளக் மாட்டித் தந்தேன்.

மூன்றாம் முறை கப்பலேறிய பின் வந்த முதல் ஞாயிறு. அங்கே முற்பகல் பதினொரு மணி. பொழிச்சலூரில் மதியம் இரண்டரை. "சாப்டீங்களா?" என்றாள். "இல்ல. கையில ரொட்டி வச்சிருக்கேன். நேத்து ஆறுன சோறுதான். வயிறு வலிக்குது" என்றேன். மறுமுனையில் அவள் நீண்ட மூச்சு விடுவது கேட்டது.

"அப்பாடா" என்றாள். "நெசத்த சொன்னீங்க. மாத்தர போட்டீங்களா?"

"போட்டேன்."

"நானும் இன்னும் சாப்டல. உங்க குக்கர்லதான் ஆக்கனேன். இருங்க, தட்டு எடுத்தாரேன். நீங்க ரொட்டிய பிய்யுங்க."

அன்று முதல் ஞாயிறுதோறும் இருவரும் அப்படித்தான் உண்கிறோம். அவள் எனக்காக மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துக் காத்திருக்கிறாள். நான் ஏதோ ஒரு நாட்டின் கடற்கரைச் சாலையில், தோளுக்கும் காதுக்கும் இடையே ரிசீவரை இடுக்கிக்கொண்டு ரொட்டியைப் பிய்க்கிறேன். குழம்பு ஊற்றும் ஓசை, பக்கத்து வீட்டு டி.வி., விமானம் போகும் இரைச்சல் யாவும் என் இடது காதில் விழுகின்றன. வலது காதில் கப்பலின் சங்கு, பயணிகளைத் திரும்ப அழைத்து ஊதுகிறது. மென்றுகொண்டே இரண்டையும் கேட்கிறேன். எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் ஒன்று குறைந்துவிடும் என்பதால், நேராகவே நிற்கிறேன்.

கப்பலுக்குச் செல்பவருக்குப் பெட்டி கட்டும் வீடுகளில் இந்தக் கட்டுரையைப் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.